முடிவை மட்டும் பார்த்த அக்கா

அந்த அக்காவுக்கு எல்லாப் படங்களின் முடிவும் தெரியும். தொடக்கம் ஒன்றுகூடத் தெரியாது. நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் அவருக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை. காட்சி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வாரியலும் வாளியுமாகப் பின்கதவு வழியே உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொள்வார். விளக்கு எரிந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும். அடுத்த காட்சிக்குள் நானூறு சீட்டுக்கு அடியில் கிடக்கும் சோளப்பொரியையும் காலி பாட்டிலையும் வாரியாக வேண்டும்.

ஆகவே வில்லன் எந்த மாடியிலிருந்து விழுந்தான் என்பது அவருக்குத் தெரியும், ஏன் விழுந்தான் என்பது தெரியாது. யாரைக் கட்டிக்கொண்டு கதாநாயகன் அழுகிறான் என்று தெரியும், செத்தது அம்மாவா தங்கச்சியா என்று தெரியாது. ஒரு தடவை கேட்டேன்.

"அக்கா, ஒரு படத்தையாவது முதல்ல இருந்து பாக்கப்பிடாதா?"

"எதுக்கு மக்கா? முடிஞ்சாத்தானே நமக்கு வேல."

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் முகத்தை ஊர் முழுவதற்கும் தூக்கிக் கொடுத்தவன் நான். பெயராவது அவரிடமே இருக்கட்டும். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருடம் தினமும் பார்த்தும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. தியேட்டரில் எல்லோரும் 'ஏ அக்கா' என்றார்கள், நானும் 'அக்கா' என்றேன். அவ்வளவுதான் பழக்கம்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. சேலைக்கு மேல் முழங்கால் வரை ஒரு நீலக் கோட்டு. அதில் நாலு பொத்தானில் மூன்று நீலம், ஒன்று மட்டும் வெள்ளை. அந்த வெள்ளைப் பொத்தான் சீட்டுக்கு அடியில் கிடந்து கிடைத்ததாம். ஒரு மாதம் வைத்திருந்து, யாரும் தேடி வரவில்லை என்றான பிறகுதான் தைத்துக்கொண்டாராம். கீழே கிடந்து எது கிடைத்தாலும் ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்கென்று ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. ஒற்றைக் கம்மல், பிள்ளைக் கொலுசு, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதில் கிடக்கும். ஒரு முறை ஒரு பல்செட்கூடக் கிடந்தது. அதைத் தேடி மட்டும் யாரும் வரவே இல்லை. எந்தக் காட்சியில் அப்படி வாயைப் பிளந்தாரோ, பாவம்.

அவரிடம் எனக்குப் புரியாத ஒரு குணம் இருந்தது. எதையும் இன்னொரு தடவை செய்யச் சொன்னால் செய்வார். முகம் சுளிக்க மாட்டார், பெருமூச்சு விட மாட்டார். திருவட்டாறில் இருந்து வந்திருந்த ஓர் அம்மாள் கம்மல் திருகாணியைத் தொலைத்துவிட்டு அலறியபோது, அந்த வரிசை முழுக்கக் கையால் தடவித் தேடினார். கிடைக்கவில்லை. "சரியாப் பாக்கல்ல நீ" என்றாள் அந்த அம்மாள். மறுபடி முதல் சீட்டிலிருந்து தேடினார். மூன்றாவது முறை தேடிக்கொண்டிருக்கும்போது திருகாணி அந்த அம்மாளின் கைப்பையிலிருந்தே வந்தது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. அக்காவோ, "கெடச்சுல்லா, அது போரும்" என்று சொல்லி எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மேனேஜர் இன்னும் மோசம். துடைத்த தரையில் தானே செருப்போடு நடந்துவிட்டு, அந்தத் தடத்தைக் காட்டி "இதென்ன?" என்பார். அக்கா சொல்வது ஒன்றுதான்.

"அதுக்கென்ன, இன்னொருக்கா செய்யுதேன்."

எனக்குத்தான் எரிச்சல் வரும். "ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்லுங்கக்கா" என்றேன். "சொன்னா என்ன ஆவும்? வேற ஒருத்திய விட்டுச் செய்விப்பாவ. அதுக்கு நாமளே செஞ்சா போச்சு" என்று சொல்லிவிட்டு வாளியை நகர்த்தினார். "காலப் பொக்கு மக்கா, ஈரமாக்கும்." காலைத் தூக்கு என்பதை அவர் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் தூக்கினேன். அவர் துடைத்துவிட்டுப் போனார்.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

எம்.காம். முடித்துவிட்டு, வயலில் இறங்க மனமில்லாமல், பாங்க் பரீட்சையிலும் தேறாமல், நானும் என் கூட்டாளி ஒருவனும் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கியிருந்தோம். புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வெளியே வருகிறவர்களிடம் "படம் எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். மைக் பிடிப்பது நான், கேமரா அவன். வருகிறவர்கள் பேசுவார்கள். "மாஸ்", "மரண மாஸ்", "முதல் பாதி சூப்பர், ரெண்டாம் பாதி இழுவை." பேச வராதவர்கள் விரலைக் காட்டுவார்கள். நல்ல ஒரு அழுகையோ நல்ல ஒரு வசவோ கிடைத்த நாளில் எங்களுக்குத் தீபாவளி. ஆள் நன்றாகப் பேசி, கேமரா சொதப்பிவிட்டால், "அண்ணே, இன்னொருக்கா சொல்லுங்கண்ணே" என்போம். முக்கால்வாசிப் பேர் சொல்லவும் செய்வார்கள், முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

நாட்டில் நடந்த பெருந்துயரங்களைப் பற்றிய படங்கள் அந்தச் சமயத்தில் வரிசையாக வந்தன. குண்டுவெடிப்பு, வெள்ளம், நோய்க்காலம் என்று எல்லாமே நாம் செய்தித்தாளில் படித்து, அடுத்த மாதம் மறந்தவைதான். இந்தப் படங்கள் எங்களுக்கு நல்ல தீனி. சிரிப்புப் படம் பார்த்து வருகிறவனிடம் பத்து நொடி கிடைத்தாலே அதிகம். துயரப் படம் பார்த்து வருகிறவன் நின்று பேசுவான். கண்ணைத் துடைத்துக்கொள்வான். தான் எவ்வளவு நல்ல மனிதன் என்பதை உலகத்துக்குச் சொல்ல அவனுக்கும் ஆசை இருக்கும். வெள்ளப் படம் பார்த்துவிட்டு வந்த ஒருவர், "ரெண்டாம் பாதில சாவு கொஞ்சம் ஓவர். அத மட்டும் கொறச்சிருந்தா குடும்பத்தோட பாக்கலாம்" என்றார். நாங்கள் சிரித்துச் சிரித்து அதைப் போட்டோம். நன்றாக ஓடியது.

பிறகு எங்கள் புயலைப் பற்றியே ஒரு படம் வந்தது.

எங்கள் புயல் என்று எழுதுகிறேன். அதிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எங்கள் வீடு நாஞ்சில் நாட்டில், வயல் சூழ்ந்த ஊரில் இருக்கிறது. புயல் அடித்தபோது எங்களுக்குச் சரிந்தது வாழை. மின்கம்பம் சாய்ந்து ஒரு வாரத்துக்கு மேல் கரண்டு இல்லை. போனுக்குச் சார்ஜ் போட முடியவில்லை என்று நான் ஊரையே ஏசிக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரைமணி நேரம் போனால் கடல். அங்கே கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாமல், பெண்கள் கரையில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. வாழைக்கு நிவாரணம் எழுதிக் கொடுக்க மட்டும் இரண்டு முறை வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன்.

படத்தில் கதாநாயகன் விசைப்படகில் போகிறான், புயலில் மாட்டுகிறான். கடைசிக் காட்சியில் கறுத்த வானத்தைக் கிழித்துக்கொண்டு ஹெலிகாப்டர் வருகிறது. கயிறு இறங்குகிறது. ஒவ்வொருவராக மேலே ஏறுகிறார்கள். முதல் நாள் அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது. விசில், கைதட்டல். வெளியே வந்தவர்கள் எங்கள் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசினார்கள். "புல்லரிச்சிட்டு மக்களே", "நம்ம ஊருக்க கதையாக்கும்", "கிளைமாக்ஸ் வேற லெவல்." நானும் அந்தக் காட்சியில் கை தட்டியிருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மூன்று நாளில் எல்லாச் சேனலிலும் இதே கைதட்டல்தான் என்றாகிவிட்டது. எங்களுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. கடற்கரைக்குப் போய் யாரையாவது பிடிக்கலாமா என்று கூட்டாளி யோசித்துக்கொண்டிருந்தபோது, மேனேஜர் டிக்கெட் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"ஓய், எதுக்கு அவ்வளவு தூரம் போறீரு? நம்ம தூத்துவாருத அக்காவுக்க மாப்பிள்ள அந்தப் புயல்ல போனவராக்கும்."

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? இரண்டு வருடமாகப் பழகிய ஒருத்தியின் புருஷன் கடலில் போனது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது அதுவல்ல. 'கையிலேயே ஆள் இருந்திருக்கிறதே' என்று தோன்றியது.

மதியக் காட்சி முடிந்து அக்கா குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மறித்தோம். விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்காக ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். "நான் கடைசிதானே மக்கா பாத்தேன்?" என்றார். பரவாயில்லை என்றேன். பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். பேசினார். அந்தப் பேச்சு எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"படத்துல ஹெலிகாப்டர் வருது. தெனம் நாலு வாட்டி வருது. நாலு வாட்டியும் எல்லாரையும் காப்பாத்துது. ஆளுவ கைதட்டுதாவ. எனக்க மாப்பிள்ளைக்கு ஒரு வாட்டியும் வரல்ல. நான் எட்டு நாளு கரையில நின்னேன். ஒம்பதாம் நாளு பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போயிட்டேன். அடக்கம் பண்ண ஒண்ணும் கெடைக்கல்ல. படம் கொள்ளாம். எல்லாரும் பொழச்சு வாறது பாக்க நல்லாத்தான் இருக்கு. நானும் ஒரு வாட்டி கைதட்டினேன்."

அவ்வளவுதான். அழவில்லை. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. ரேஷன் கடையில் முகவரி சொல்வது போலச் சொன்னார். சொல்லி முடித்ததும் "போருமா மக்கா?" என்று கேட்டார்.

 அன்றைக்கு என் கூட்டாளி கேமராவுக்குப் பின்னாலிருந்து உதட்டைப் பிதுக்கினான். எனக்கும் அதே எண்ணம்தான். உணர்ச்சியே இல்லையே, இதை யார் பார்ப்பார்கள்?

"ஏலே, அந்தக் கோட்டக் கழத்தச் சொல்லு. தியேட்டர் ஆளுன்னு தெரியுது" என்று அவன் என் காதில் சொன்னான்.

நான் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, கேமரா சரியா வரல்ல. இன்னொருக்கா சொல்லணும். கோட்டக் கழத்திரலாம். படம் பாத்துட்டு வெளிய வந்த மாதிரி. அப்புறம்... கொஞ்சம் மனசு விட்டுச் சொல்லுங்கக்கா. அடக்காண்டாம். அழுகை வந்தா அழுங்க."

கேமரா சரியாகத்தான் வந்திருந்தது.

"அழணுமா மக்கா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "அதுக்கென்ன" என்றார்.

அந்த 'அதுக்கென்ன' எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. புருஷன் திரும்பாத பிறகு, அவர் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கியிருக்கிறார். எந்தத் தேதியில் போனார், எந்தப் படகு, கூட யார் யார், என்ன சட்டை. ஒரு ஆபீசில் சொன்னதை இன்னொரு ஆபீசில் கேட்பார்களாம். போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் கேட்பார்களாம். "இன்னொருக்கா சொல்லு" என்பார்களாம். ஒரு வார்த்தை மாறிவிட்டால் எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு ஏறிட்டுப் பார்ப்பாராம். அழுதால் பேச்சு குழறும், குழறினால் மாறும். அதனால் அழாமல் ஒரே மாதிரி சொல்லப் பழகியிருக்கிறார். எத்தனை தடவை கேட்டாலும் சொன்னால்தான் தன் புருஷன் செத்ததை நம்புவார்கள் என்று அந்த நாற்காலிகளுக்கு முன்னால் கற்றுக்கொண்டவர் அவர். நான் உணர்ச்சி இல்லை என்று தள்ளியது அந்தக் குரலைத்தான்.

கோட்டைக் கழற்றி மடித்துக் குப்பைப் பையின் மேல் வைத்தார். கூந்தலை ஒதுக்கினார். அழத் தொடங்கினார். முதலில், சொன்னதைச் செய்கிறவரைப் போலத்தான் அழுதார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து. பாதியில் அது கைமீறிப் போயிற்று. தரையில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சு கிடைக்காமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். படம் பார்க்க வந்து நின்றவர்கள் போனை எடுத்தார்கள். நான் மைக்கை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன். நான் செய்த உதவி அதுதான்.

அவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தபோது அடுத்த காட்சிக்கு மணி அடித்துவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நாற்பது நொடியாக வெட்டி, கீழே சோகமான பிடில் இசை சேர்த்து அன்று மாலையே போட்டோம். அதுவரை நாங்கள் போட்ட எதுவும் அப்படி ஓடியதில்லை. முதல் இரண்டு நாள் பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், அல்லது அழுததாக எழுதினார்கள். மூன்றாவது நாள் ஒருவன் எழுதினான். 'இந்த அம்மா நாகர்கோவில்ல அந்தத் தியேட்டர்லயே தூத்துவாருத அம்மா. நான் நேர்ல பார்த்திருக்கேன். ஆடியன்ஸ் மாதிரி நிப்பாட்டி இருக்கானுவ. செட்டப்பு.' அவன் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அழுதவர்களே திரும்பினார்கள். தங்கள் கண்ணீரை ஏமாற்றி வாங்கிவிட்டாள் என்ற கோபம் அவர்களுக்கு. கோபம் எங்கள்மேல் வரவில்லை, மைக் பிடித்தவன் முகம்தான் வீடியோவில் இல்லையே. அக்கா மேல் வந்தது. நடிப்பைப் பாரு, அவார்டு குடுங்க, புருஷன் சாவை விற்றுத் தின்கிறாள் என்று எழுதினார்கள். பிறகு வேடிக்கை தொடங்கியது. வாயைத் திறந்து அவர் அழும் முகத்தை வெட்டியெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கினார்கள். தேர்வில் தோற்றால் அந்த முகம், கரண்டு போனால் அந்த முகம். எங்கள் ஊர் நண்பர்கள் குழுவிலேயே ஒருவன், பிரியாணி தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைப் போட்டான். பத்துப் பேர் சிரித்தார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததையே அப்போது ஒரு நேர்மையாக நினைத்துக்கொண்டேன்.

அக்கா என்னைத் தேடி வந்தது அதற்கு அடுத்த வாரம். தியேட்டர் எதிரில் டீக்கடையில் நின்றிருந்தேன். கோட்டுடனேயே சாலையைத் தாண்டி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்து எல்லாப் பதிலையும் தயார் செய்துகொண்டேன்.

ஏசவில்லை. "மக்கா, ஒரு உபகாரம் செய்வியா?" என்றார்.

அவருக்கு ஒரே மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பில் அந்த ஸ்டிக்கர் சுற்றியிருக்கிறது. அது யாருடைய அம்மா என்று தெரியாமலேயே ஒருத்தி அவளுக்கே அனுப்பியிருக்கிறாள். அன்று ஹாஸ்டலில் இருந்து வந்தவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், நீ நடித்தாயா என்று. அக்காவுக்குப் பொய் வராது. "அந்தப் பையன் அழச் சொன்னான், அழுதேன்" என்று சொல்லிவிட்டார்.

"அதுக்கு அவ, 'அப்பாவ நெனச்சு அழ உனக்கு ஆளு சொல்லித் தரணுமா'ன்னு கேட்டா மக்கா. பொறவு எனக்கிட்ட மிண்டவே மாட்டேங்கா, ஒரு பேச்சு கெடையாது. சோறு வெச்சா அவளே எடுத்துத் திங்கா. மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா."

நான் டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

"முதல்ல நான் பேசினேன்லா, கோட்டு போட்டு? அது இருக்கும்லா உனக்கிட்ட? அத அவளுக்கு மட்டும் காட்டினா போரும். வேற யாருக்கும் வேண்டாம். நான் சொல்ல வேண்டியது சரியாத்தான் சொன்னேன், பொறவுதான் நீ கேட்டன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போரும்."

அது என் போனிலேயே இருந்தது. சட்டைப் பையில், அவருக்கும் எனக்கும் நடுவில். எடுத்துக் காட்டியிருக்கலாம். மகளுக்கு ஒரு நொடியில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிவின் கடைசியில் என் குரல் இருந்தது. கோட்டைக் கழற்றச் சொல்வதும், அழச் சொல்வதும், எல்லாம். மகள் அதை யாருக்காவது அனுப்பிவிட்டால்? எங்கள் சேனலின் பெயர் என்ன ஆகும்? அப்போதுதான் ஒரு நகைக்கடை எங்களுக்கு விளம்பரம் தருவதாகச் சொல்லியிருந்தது.

"அது அழிச்சாச்சே அக்கா. கார்டுல இடம் இல்லாமப் போச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். "ஆவட்டும். அழிஞ்சு போச்சுன்னு அவகிட்டச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டித் திரும்பிப் போனார். அடுத்த காட்சி முடியும் நேரம் ஆகியிருந்தது.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். படம் பார்க்க வருகிறவர்கள் அவரோடு நின்று, அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். "இன்னொருக்கா அழுங்கம்மா" என்றுகூட ஒருவன் கேட்டானாம். போகும்போது பிஸ்கட் டப்பாவை மேனேஜரிடம் கொடுத்து, எது எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

எங்கள் சேனலும் ரொம்ப நாள் நிற்கவில்லை. கூட்டாளி துபாய் போய்விட்டான். நான் கல்யாண வீடியோவுக்கு வந்துவிட்டேன். இங்கேயும் அதே வேலைதான். மகளை அனுப்பும்போது தாய் அழுவாள். அது கேமராவில் சரியாக விழவில்லை என்றால், "அம்மா, இன்னொருக்கா கட்டிப்பிடிச்சு அழுங்க" என்று சொல்ல வேண்டும். நான் மட்டும் அதைச் சொல்வதில்லை. விழுந்தது விழுந்ததுதான். இதனால் இரண்டு மூன்று வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. இதைச் சொன்னால் என் கணக்கு கொஞ்சம் நேராகிவிடும் என்று நினைத்து எழுதவில்லை. அப்படி ஒன்றும் நேராகாது.

அந்த முதல் பதிவை நான் அழிக்கவில்லை. மூன்று போன் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் புதுப் போனுக்கு அதுவும் கூடவே வந்தது. எப்போதாவது தனியாக இருக்கும்போது போட்டுப் பார்ப்பேன். வெள்ளைப் பொத்தான் தெளிவாகத் தெரியும்.

போன ஆவணியில் அஞ்சுகிராமத்தில் ஒரு கல்யாணம். வீடியோக்காரர்களுக்குக் கடைசிப் பந்திதான். போளியைப் பிசைந்து பால்பாயசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசை இலைகளை எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். கோட்டு இல்லை. தலை பாதி நரைத்திருந்தது. என் மேசைப் பக்கம் வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மக்கா, நீயா? நல்லா இருக்கியா?"

இலையை மூடினேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சவுதியில் நர்சாக இருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாளாம். "இப்பதான் ஒரு வருசமா நல்லா மிண்டுதா" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிச்சம்.

நான் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். எந்த முன்னுரையும் சொல்லவில்லை, எனக்கு வரவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பந்தி மண்டபத்துக்குள் அவருடைய பழைய குரல் சின்னதாகக் கேட்டது. 'தெனம் நாலு வாட்டி வருது...' முழுவதும் பார்த்தார். கடைசியில் என் குரல் வந்ததையும் கேட்டார்.

"அழிச்சாச்சுன்னல்லா சொன்ன?"

"பொய் சொன்னேன் அக்கா."

 அவர் போனைத் திருப்பித் தரவில்லை. "மகளுக்க நம்பர் சொல்லுங்கக்கா, இப்பவே அனுப்புதேன். நானே பேசுதேன் அவகிட்ட. எல்லாம் நான் செஞ்சதுன்னு சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம்."

"அக்கா..."

"அது அழிஞ்சு போச்சுன்னு நான் அவகிட்டச் சொன்னேன் மக்கா. அவ நம்பல்ல. 'நீ சும்மா சொல்லுத, அப்படி ஒண்ணு இருந்ததே கெடையாது'ன்னு சொன்னா. பொறவு மெல்ல மெல்ல விட்டுட்டா. இப்பக் கொண்டு காட்டினா, அன்னைக்கு அழிஞ்சதுன்னு சொன்னது பொய்யின்னு ஆயிரும். பழசெல்லாம் முதல்ல இருந்து வரும். என்னால இன்னொருக்கா முடியாது." போனை என்னிடம் நீட்டினார். "அழிச்சாச்சுன்னு நீ சொன்னல்லா. அப்ப அழி."

அழித்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போனுக்க குப்பையில ஒரு மாசம் கெடக்குமாமே, மவ சொல்லியிருக்கா. அதுலயும் எடுத்துக் கள."

அதிலிருந்தும் எடுத்துவிட்டேன். இன்னொரு முறை திறந்து காட்டி, ஒன்றும் இல்லை என்றேன். அவர் தலையாட்டினார்.

என்னால் அதோடு விட்டிருக்க முடியும். விடவில்லை. மண்டபத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, "அக்கா, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா" என்று கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

அவர் துடைப்பானை வாளியில் முக்கிப் பிழிந்தார்.

"காலப் பொக்கு மக்கா, ஈரமாக்கும்."

நான் காலைத் தூக்கினேன். எனக்கு அடியில் துடைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். எனக்கென்று நான் கேட்டு அவர் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.